எக்ஸ்பிரஸா, ஸ்டாண்டர்டா? சித்தூர், திருப்பதி ஆலைகளின் டிராயிங் களஞ்சியத்துக்கு ஏற்ற தரவுத்தளம்

சித்தூரிலிருந்து திருப்பதி வழியாக ஸ்ரீசிட்டி வரை போகும் வழியெல்லாம் இன்று ஏதாவது ஒரு பொருளுக்கு டிராயிங் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1985-ல் தொடங்கிய அமர ராஜா குழுமத்தின் பேட்டரி ஆலை கரகம்பாடியில் இருக்கிறது. காளஹஸ்திக்கு அருகே ராச்சகுன்னேரியில் இரும்புக் குழாய் ஆலை. ஸ்ரீசிட்டியில் சென்னை மெட்ரோவுக்கும் கொச்சி மெட்ரோவுக்கும் பெட்டி கட்டிக் கொடுத்த அல்ஸ்டாம், வண்டி தயாரிக்கும் இசுசு. திருப்பதியில் ரயில் பெட்டிப் பழுதுபார்ப்புப் பணிமனை. சித்தூரைச் சுற்றித் தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கும் ஆலைகள். பெரிய நிறுவனங்களுக்குத் தனி ஐடி துறை உண்டு. தரவுத்தளத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜிக், ஃபிக்ஸ்சர், அச்சு, கன்வேயர், ஸ்டீல் தொட்டி என்று செய்து கொடுக்கும் சிறு, நடுத்தர ஆலைகளில்தான் இந்தக் கேள்வி முதலாளியின் மேசைக்கே வந்து சேர்கிறது. டிராயிங் மேலாண்மை மென்பொருள் வாங்கப் போகிறோம், அதற்குக் கீழே எந்த எடிஷன் தரவுத்தளம் போடுவது?

இந்த ஆலைகளில் பெரும்பாலானவை இன்னும் ஒரு பகிர்வு ஃபோல்டரிலும் ஒரு எக்செல் பட்டியலிலும்தான் டிராயிங்குகளை வைத்திருக்கின்றன. கோப்பின் பெயரிலேயே 'ரிவ்-பி', 'ஃபைனல்', 'ஃபைனல்-2' என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். வாகன உதிரிபாக வட்டாரத்தில் அது நெடுநாள் தாங்காது. ஐஏடிஎஃப் 16949 தரநெறி, வாடிக்கையாளர் அனுப்பும் பொறியியல் மாற்றத்தை அறிவிப்பு வந்த 10 வேலை நாளுக்குள் பரிசீலித்து முடிக்கச் சொல்கிறது. எந்த ரிவிஷன் எந்த நாளில் உற்பத்திக்குப் போனது என்பதற்கும் சான்று கேட்கிறது. ஆடிட்டர் முன்னால் எக்செலைத் திறந்து விளக்குவது எளிதல்ல. ஆட்டோடெஸ்க் வால்ட், சாலிட்வொர்க்ஸ் பிடிஎம் போன்ற மென்பொருள்கள் அங்கேதான் உள்ளே வருகின்றன. அவற்றுடன் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரும் வருகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தரவுத்தளம் என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மென்பொருள்தான் தேர்ந்தெடுக்கிறது. வால்ட், எஸ்க்யூஎல் சர்வரில்தான் ஓடும். அதன் சர்வரை நிறுவும்போது எக்ஸ்பிரஸ் எடிஷனும் சேர்ந்தே நிறுவப்படும். சாலிட்வொர்க்ஸ் பிடிஎம் ஸ்டாண்டர்ட், எக்ஸ்பிரஸில் ஓடும். பிடிஎம் புரொஃபஷனலுக்கு எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்ட் வேண்டும். டீம்சென்டர், விண்ட்சில் போன்ற பெரிய அமைப்புகள் ஆரக்கிளிலும் ஓடும், எஸ்க்யூஎல் சர்வரிலும் ஓடும். "போஸ்ட்கிரஸ் இலவசமாயிற்றே, அதைப் போடக்கூடாதா?" என்று பொறியியல் கல்லூரியிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். உள்ளூர் நிரலாளரை வைத்து நாமே எழுதிக்கொள்ளும் மென்பொருளானால் போஸ்ட்கிரஸ் அருமையான தேர்வு. அதற்கு எடிஷனும் கிடையாது, அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. வாங்கும் மென்பொருளானால் அந்தச் சுதந்திரம் நமக்கு இல்லை. மிகச் சிறிய பட்டறைக்கு இன்னொரு வழியும் உண்டு. சாலிட் எட்ஜ் மென்பொருளின் உள்ளமைந்த தரவு மேலாண்மை விண்டோஸின் தேடல் அட்டவணையையே பயன்படுத்திக்கொள்கிறது. தனியாகத் தரவுத்தள சர்வர் எதுவும் வேண்டாம்.

ஆகவே பெரும்பாலான ஆலைகளுக்கு மிஞ்சும் தேர்வு எஸ்க்யூஎல் சர்வரின் மூன்று எடிஷன்களுக்குள்தான்: எக்ஸ்பிரஸ், ஸ்டாண்டர்ட், என்டர்பிரைஸ்.

எக்ஸ்பிரஸ் இலவசம். 2022 வெர்ஷன் வரை அதன் எல்லைகள் இவை: ஒரு தரவுத்தளம் 10 ஜிபிக்கு மேல் வளரக் கூடாது, தரவுக்கான நினைவகம் 1,410 எம்பிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, ஒரு சாக்கெட் அல்லது நான்கு கோர், இவற்றில் எது குறைவோ அதை மட்டுமே பயன்படுத்தும். இந்த 10 ஜிபியைப் பார்த்ததும்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். "எங்கள் டிராயிங் ஃபோல்டரே 600 ஜிபி இருக்கிறதே" என்பார்கள். விற்பனையாளரும் மறுக்காமல் தலையாட்டி ஸ்டாண்டர்டுக்கோ என்டர்பிரைஸுக்கோ மதிப்பீடு அனுப்பிவிடுவார். இந்தத் துறையில் வீணாகும் பணத்தில் கணிசமான பங்கு இந்த ஒரு தவறான எண்ணத்தால்தான் வீணாகிறது என்பது என் கருத்து.

வால்டிலும் சரி, பிடிஎம்மிலும் சரி, டிராயிங் கோப்பு தரவுத்தளத்துக்குள் போவதே இல்லை. அது சர்வரின் வட்டில் ஒரு சாதாரண ஃபோல்டர் அடுக்கில் போய் உட்காருகிறது. தரவுத்தளத்துக்குள் போவது அதன் விவரங்கள் மட்டும்: டிராயிங் எண், ரிவிஷன், யார் எப்போது எடுத்தார், யார் ஒப்புதல் கொடுத்தார், எந்த அசெம்பிளிக்குள் எந்தப் பாகம் இருக்கிறது. பிடிஎம்மின் ஆர்க்கைவ் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பார்த்தால் இது புரிந்துவிடும். உள்ளே 0 முதல் 9 வரையும், அதற்கு மேல் ஏ முதல் எஃப் வரையும் பெயரிட்ட பதினாறு ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் எண்ணும் எழுத்தும் கலந்த பெயர்களில் மேலும் ஃபோல்டர்கள். அவற்றுக்குள் ஒவ்வொரு கோப்பின் ஒவ்வொரு வெர்ஷனும் எண்ணாகவே நிற்கும். 'கன்வேயர் ஃபிரேம்' என்ற பெயர் அங்கே எங்கும் இருக்காது. நூலகத்தில் அட்டவணையை எரித்துவிட்டு அலமாரியை மட்டும் வைத்துக்கொண்ட நிலை அது. எந்த எண் எந்த டிராயிங் என்பது தரவுத்தளத்துக்கு மட்டும்தான் தெரியும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். டிராயிங்கின் மொத்த எடையை வைத்து எடிஷனைத் தீர்மானிக்கக் கூடாது என்பது ஒன்று. தரவுத்தளம் கெட்டால் 600 ஜிபி டிராயிங்கும் கையில் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கொட்டேஷனிலும் அதற்கென்று ஒரு வரி இருப்பதில்லை.

10 ஜிபி எப்போது நிரம்பும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே பார்க்கலாம். தரவுத்தளத்தின் எம்டிஎஃப் கோப்பு எவ்வளவு இருக்கிறது, அதற்குள் உண்மையில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஒவ்வொரு மாதமும் முதல் தேதி குறித்து வைத்தால் போதும். லாக் கோப்பு, அதாவது எல்டிஎஃப், இந்தக் கணக்கில் வராது. எல்லை தரவுக் கோப்புக்கு மட்டும்தான். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். இன்று 3.2 ஜிபி, மாதம் 120 எம்பி கூடுகிறது என்றால் மீதி 6.8 ஜிபி நிரம்ப ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பழைய டிராயிங்குகளை மொத்தமாக உள்ளே ஏற்றும் மாதத்தில் இந்தக் கணக்கு தாவும். அந்த மாதத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. தேவையற்ற இடைக்கால வெர்ஷன்களைக் களைந்தால் வேகம் குறையும். எல்லையைத் தொடும் நாளில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தேடலாம், திறக்கலாம், பார்க்கலாம். மாற்றிய டிராயிங்கைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது. டிசைனர் செக்-இன் அழுத்துவார், பிழைச் செய்தி வரும். அவசர ஆர்டர் ஓடும் நாளில் அது பெரிய தலைவலி.

எல்லையின் வரலாறும் கவனிக்கத்தக்கது. எக்ஸ்பிரஸுக்கு முன்னோடியான எம்எஸ்டிஇ-யில் 2 ஜிபிதான். 2005-ல் எக்ஸ்பிரஸ் வந்தபோது அது 4 ஜிபியானது, 2010-ல் வந்த 2008 ஆர்2 வெர்ஷனில் 10 ஜிபியானது. 2025 நவம்பரில் வெளியான எஸ்க்யூஎல் சர்வர் 2025-ல் அது 50 ஜிபியாக உயர்ந்துவிட்டது. வட்டாரத்தில் உள்ள சிறு, நடுத்தர ஆலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த 50 ஜிபி அளவுப் பிரச்சினையையே தீர்த்துவிடும். ஒரு நிபந்தனை உண்டு: டிராயிங் மென்பொருள் நிறுவனம் தன் ஆதரவுப் பட்டியலில் 2025-ஐச் சேர்த்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத வெர்ஷனை ஏற்றிவிட்டுப் பிறகு உதவி கேட்டால் கிடைக்காது. எம்எஸ்டிஇ காலத்துப் பழைய நம்பிக்கை ஒன்றும் இன்னும் உலவுகிறது: இலவச எடிஷனில் ஐந்து பேருக்கு மேல் வேலை செய்ய முடியாது என்பது. ஒரே நேரத்தில் வேலை கூடினால் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு எம்எஸ்டிஇ-யில் இருந்தது உண்மை. எக்ஸ்பிரஸில் அது இல்லை.

நினைவக எல்லைதான் நடைமுறையில் முதலில் உறுத்தும். இருபது, இருபத்தைந்து பேர் ஒரே நேரத்தில் பெரிய அசெம்பிளிகளைத் திறந்து, பாகங்களைத் தேடும்போது 1,410 எம்பி போதாமல் தேடல் மந்தமாகும். அளவு நிரம்பாமலே ஸ்டாண்டர்டுக்குப் போக இது நியாயமான காரணம். முன்னதாக சர்வரில் எஸ்எஸ்டி வட்டு இருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய சுழல்வட்டை மாற்றிய உடனேயே பாதிப் புகார்கள் அடங்கிவிடுவது வழக்கம்.

ஸ்டாண்டர்டின் 2022 வெர்ஷன் 24 கோர், 128 ஜிபி நினைவகம் வரை பயன்படுத்தும். 2025-ல் அது 32 கோர், 256 ஜிபி. ஒரு டிராயிங் களஞ்சியத்துக்கு இதைவிட வேண்டியதில்லை. இதை இரண்டு வழியில் வாங்கலாம், இங்கேதான் கணக்குப் போட வேண்டும். கோர் கணக்கில் வாங்கினால் குறைந்தது நான்கு கோருக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். 2022 வெர்ஷனின் அமெரிக்கப் பட்டியல் விலையில் இரண்டு கோர் 3,945 டாலர். ஆக நான்கு கோருக்கு 7,890. சர்வர், கேல் (ஆளுக்கொரு அணுகல் லைசென்ஸ்) என்ற வழியில் சர்வருக்கு 989 டாலர், ஒவ்வொரு ஆளுக்கும் 230 டாலர். 12 பேர் உள்ள டிசைன் அலுவலகத்துக்கு 3,749 டாலர் ஆகும், கோர் வழியில் பாதிக்கும் கீழே. 30 பேர் வரும்போதுதான் இரண்டு வழியும் ஏறக்குறைய ஒன்றாகின்றன. இந்திய விலை விற்பனையாளருக்கு விற்பனையாளர் மாறும், மேலே ஜிஎஸ்டி 18 சதவீதமும் சேரும். ஆனால் இந்த விகிதம் வழிகாட்டும்.

கேல் எண்ணும்போது ஒரு கண்ணி இருக்கிறது. டிசைனர்களை மட்டும் எண்ணி நிறுத்திவிடுவார்கள். ஷாப்புளோரில் டிராயிங்கைத் திறந்து பார்ப்பவர், கொள்முதல் பிரிவில் பாகப் பட்டியல் எடுப்பவர், தரப் பிரிவில் ரிவிஷன் சரிபார்ப்பவர் எல்லோரும் எண்ணிக்கையில் வருவார்கள். நடுவில் ஒரு வலைத்தளத்தையோ வேறு நிரலையோ வைத்து ஒரே பயனர் பெயரில் எல்லோரையும் உள்ளே விட்டாலும் லைசென்ஸ் விதி ஆளைத்தான் எண்ணும். எட்டு டிசைனர் உள்ள ஆலையில் உண்மையான எண்ணிக்கை நாற்பதைத் தாண்டுவது இப்படித்தான். அப்போது கோர் வழிதான் மலிவு. டிராயிங் மென்பொருளோடு எஸ்க்யூஎல் லைசென்ஸும் சேர்ந்து வருகிறதா, வந்தால் அந்த மென்பொருளுக்கு மட்டும்தானா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

என்டர்பிரைஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அதே விலைப்பட்டியலில் இரண்டு கோர் 15,123 டாலர். நான்கு கோருக்கு 30,246. இன்டெக்ஸைத் தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுப்பிப்பது, பல சர்வர்களில் ஒரே நேரத்தில் முழுப் பிரதி வைத்துக்கொள்வது போன்றவைதான் அதன் பலம். இரவில் சும்மா இருக்கும் டிசைன் அலுவலகத்தில் இன்டெக்ஸை இரவிலேயே புதுப்பிக்கலாம். 2016-ன் முதல் சர்வீஸ் பேக்கோடு, முன்பு என்டர்பிரைஸுக்கு மட்டும் இருந்த பல வசதிகள் கீழ் எடிஷன்களுக்கும் வந்துவிட்டன. தரவுத்தளம் முழுவதையும் குறியாக்கம் செய்யும் வசதி 2019-ல் ஸ்டாண்டர்டுக்கு வந்தது. இந்த வட்டாரத்தில் ஒரு டிராயிங் களஞ்சியத்துக்காக மட்டும் என்டர்பிரைஸ் வாங்க வேண்டிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

வாங்காமலே போடும் இரண்டு எடிஷன்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். டெவலப்பர் எடிஷனில் என்டர்பிரைஸின் எல்லா வசதியும் உண்டு, இலவசம். ஆனால் உருவாக்கவும் சோதிக்கவும் மட்டுமே. ஆலையின் அன்றாட வேலையை அதில் ஓட்டுவது லைசென்ஸ் மீறல். எவாலுவேஷன் எடிஷன் 180 நாள் ஓடும். டெமோ காட்ட வந்தவர் அதை நிறுவி, டெமோவே பிறகு நிஜமாகி, டிராயிங்குகள் எல்லாம் அதில் ஏறிவிடும். 180 நாள் முடிந்ததும் சேவை நின்றுவிடும், காரணம் யாருக்கும் புரியாது. நிறுவி முடித்த அன்றே எந்த எடிஷன் என்று திரையில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சின்னதில் தொடங்குவதே சரி என்று நான் வாதிடுவதற்கு விலையைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. எக்ஸ்பிரஸிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு ஏறுவது எளிது: நிறுவும் நிரலை ஓட்டி, எடிஷன் உயர்வைத் தேர்ந்து, லைசென்ஸ் சாவியைக் கொடுத்தால் தரவுத்தளம் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலிருந்து கீழே இறங்க நேரடி வழி கிடையாது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி நிறுவ வேண்டும். வெர்ஷனிலும் இதே கதைதான். புது வெர்ஷனில் எடுத்த பேக்கப்பைப் பழைய வெர்ஷனில் மீட்க முடியாது. தேவை வளர்ந்தால் அன்று ஏறிக்கொள்ளலாம், தேவையில்லாமல் ஏறிவிட்டால் இறங்கத்தான் முடியாது.

மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். பேக்கப்புக்கு என்பதே என் பதில். எக்ஸ்பிரஸில் எஸ்க்யூஎல் ஏஜென்ட் இல்லை. குறித்த நேரத்தில் தானாகப் பேக்கப் எடுக்கும் வேலைக்காரர் அவர்தான். ஸ்டாண்டர்ட் வாங்கியவருக்கு அவர் உண்டு, எக்ஸ்பிரஸ்காரருக்கு இல்லை. பேக்கப் எடுக்கவே முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு சிறு ஸ்கிரிப்டை வைத்து இரவு இரண்டு மணிக்கு ஓட விடலாம். வால்டுக்கு அதன் சொந்தப் பேக்கப் கட்டளையே இருக்கிறது, அது தரவுத்தளத்தையும் கோப்பு அடுக்கையும் சேர்த்தே எடுக்கும். இந்தச் 'சேர்த்தே' முக்கியம். செவ்வாய்க்கிழமைத் தரவுத்தளமும் வெள்ளிக்கிழமைக் கோப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சில டிராயிங் இருப்பதாகத் தரவுத்தளம் சொல்லும், கோப்பு இருக்காது. சில கோப்பு இருக்கும், அது எந்த டிராயிங் என்று தெரியாது.

இன்னொரு கண்ணி, தரவுத்தளத்தை 'ஃபுல்' மீட்பு முறையில் விட்டுவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் இருப்பது. எல்டிஎஃப் கோப்பு மாதக்கணக்கில் வீங்கி வட்டையே நிரப்பிவிடும். ஒரு நாள் வேலை போனால் பரவாயில்லை என்கிற ஆலைக்கு 'சிம்பிள்' முறையும் இரவுப் பேக்கப்பும் போதும். அரை நாள்கூடப் போகக் கூடாது என்றால் 'ஃபுல்' முறையில் மணிக்கொரு லாக் பேக்கப் வேண்டும். அதை எக்ஸ்பிரஸிலும் செய்யலாம், ஆனால் பொறுப்பாக ஓர் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி ஆள் இல்லாத ஆலை, அளவு எவ்வளவு சிறியதானாலும், ஏஜென்டுக்காகவே ஸ்டாண்டர்ட் வாங்கலாம் என்பேன்.

பேக்கப் அதே சர்வரில், அதே அறையில் இருந்தால் பயனில்லை. 2021 நவம்பரில் திருப்பதியின் தெருக்களில் வெள்ளம் ஓடியதும் சுவர்ணமுகி கரை புரண்டதும் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. இராயலசெருவு ஏரிக் கரை கசிந்து கீழே உள்ள ஊர்களைக் காலி செய்யச் சொன்னதும் அதே வாரம்தான். பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில் 2024 ஜூலையில் சப் கலெக்டர் அலுவலகத்தில் தீப்பிடித்து ஆவணங்கள் எரிந்தன. தரைத்தள அறையில் ஒரே சர்வரும் பக்கத்திலேயே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கும் வைத்திருக்கும் ஆலைக்கு எந்த எடிஷனும் உதவாது. சித்தூரில் ஓர் ஆலையும் திருப்பதியில் ஓர் அலுவலகமும் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. இடையே சுமார் 70 கிலோமீட்டர். இரவில் ஒன்றின் பேக்கப்பை மற்றதற்கு அனுப்பி வைத்தால் ஒரே வெள்ளம், ஒரே தீ இரண்டையும் தொடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டு, ஏதாவது பத்து டிராயிங்கைத் திறந்து பார்க்க வேண்டும். ஒருமுறைகூட மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டு ஊர்களிலும் டிசைனர்கள் உட்கார்ந்து ஒரே களஞ்சியத்தில் வேலை செய்ய வேண்டும் என்றால் கேள்வி வேறு. அங்கே எஸ்க்யூஎல் எடிஷனைவிட மென்பொருளின் எடிஷன்தான் தடை. கோப்புகளை இரு இடங்களிலும் பிரதி வைத்துக்கொள்ளும் வசதி வால்ட் புரொஃபஷனலிலும் பிடிஎம் புரொஃபஷனலிலும்தான் உண்டு. பிடிஎம்மில் அப்போதும் தரவுத்தளம் ஒரே இடத்தில்தான் இருக்கும், மறு ஊர்க்காரரின் ஒவ்வொரு தேடலும் அந்த 70 கிலோமீட்டரைக் கடந்து போய் வரும். லைனின் வேகத்தைவிடத் தாமதமும் நிலையான தன்மையும்தான் இங்கே முக்கியம். இரண்டு வெவ்வேறு இணையச் சேவையாளரிடம் லைன் எடுப்பதற்கு ஆகும் செலவு, பெரிய எடிஷனுக்கு ஆகும் செலவைவிட அதிகப் பலன் தரும்.

கடைசியாக, காலம். எஸ்க்யூஎல் சர்வர் வெர்ஷன் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய பத்தாண்டு ஆதரவு: 2016-க்கு 2026 ஜூலையில் முடிகிறது, 2019-க்கு 2030 ஜனவரியில், 2022-க்கு 2033 ஜனவரியில். டிராயிங்கின் ஆயுளோ இதைவிட நீளம். ஐஏடிஎஃப் விதிப்படி, ஒரு பாகம் உற்பத்தியிலும் சேவையிலும் இருக்கும் காலம் முழுவதும், அதற்குப் பின் ஓராண்டும் அதன் ஒப்புதல் ஆவணங்கள் இருக்க வேண்டும். ரயில்வேயில் இன்னும் நீளம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐசிஎஃப்) பழைய ஐசிஎஃப் வகைப் பெட்டிகளின் உற்பத்தி 2018 ஜனவரியில் நின்றது. அவற்றின் விதிமுறை ஆயுள் 25 ஆண்டு. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பவருக்கு 2043 வரை அந்த டிராயிங் தேவைப்படலாம். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, வெளியிட்ட டிராயிங்குகளைப் பிடிஎஃப்-ஆகவும் மாடல்களை ஸ்டெப் வடிவிலும் எடுத்து, டிராயிங் எண், ரிவிஷன், ஒப்புதல் தேதி கொண்ட ஒரு சாதாரணப் பட்டியலோடு தனி வட்டில் வைக்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே டிராயிங் எண் இருக்கட்டும். தரவுத்தளம் எந்த எடிஷனாக இருந்தாலும், அது ஓடாத கணினியிலும் அந்த வட்டைத் திறந்து டிராயிங்கைக் கண்டுபிடிக்க முடியும்.